டிரினிடாட்டுக்குக் குடிபோகிறவர்களுக்கு: உடம்பைப் பார்த்துக்கொள்ள ஒரு வழிகாட்டி

என் கணவருக்கு செயின்ட் அகஸ்டினில் வேலை கிடைத்தபோது டிரினிடாட் எங்கே இருக்கிறது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. கிரிக்கெட் விடாமல் பார்க்கிற மாமாவுக்கு மட்டும் பிரையன் லாராவின் ஊர் என்று தெரிந்திருந்தது. மூன்று வருடம் அங்கே இருந்துவிட்டு வந்தோம். இப்போது அங்கே வேலைக்குப் போகிறவர்கள் யாராவது விசாரித்தால், வாடகை, பள்ளிக்கூடம் எல்லாம் கேட்டு முடித்தபின் கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்பது ஒன்றுதான்: "உடம்பு சரியில்லாமல் போனால் என்ன செய்வது?" முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. அதனால் நாங்கள் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம். டிரினிடாட், டொபாகோ என்ற இரண்டு தீவுகள் சேர்ந்து ஒரு நாடு. கரீபியன் தீவு வரிசையின் தென்கோடியில் இருக்கிறது. வெனிசுவேலாவின் கரை சுமார் 11 கிலோமீட்டர் தூரம்தான். மொத்தப் பரப்பு 5,128 சதுர கிலோமீட்டர், ஏறக்குறைய நம் சேலம் மாவட்டம் அளவு. மக்கள் சுமார் 14 லட்சம். 1962 ஆகஸ்ட் 31 அன்று பிரிட்டனிடமிருந்து விடுதலை, 1976இல் குடியரசு. எண்ணெயும் எரிவாயுவும் கிடைப்பதால் பக்கத்துத் தீவுகளைப் போலச் சுற்றுலாவை மட்டும் நம்பி இல்லை. பேசுவது ஆங்கிலம், அதுவும் அவர்களுக்கே உரிய ராகத்தில். காது பழக ஒரு மாதம் ஆகும்.

மக்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இந்திய வம்சாவளியினர். 1845 மே 30 அன்று ஃபத்தேல் ரசாக் என்ற கப்பலில் இந்தியாவிலிருந்து கூலி ஒப்பந்தத்தில் 225 பேர் வந்து இறங்கினார்கள். அந்த நாள் அங்கே இன்றும் அரசு விடுமுறை. 1917 வரை தொடர்ந்த அந்தக் கூலி ஒப்பந்தத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் கல்கத்தா வழியாக வந்த பீகார், உத்தரப் பிரதேசத்துக்காரர்கள். ஒரு சிறு பகுதியினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். "மதராசி" என்ற சொல்லும், முனிசாமி, ராம்சாமி போன்ற குடும்பப் பெயர்களும், காளி பூஜையும் மிஞ்சியிருக்கின்றன. மொழி மிஞ்சவில்லை. ஆஸ்பத்திரி வரிசையில் "முனிசாமி" என்று கூப்பிட்டு, எழுந்து போகிறவருக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாமல் இருப்பதைப் பார்க்கும்போது மனசு என்னவோ செய்யும்.

கிளம்பும் முன்

முதல் வேலை, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவரிடம் டிரினிடாட் அதிகாரிகள் இந்தச் சான்றிதழைக் கேட்பதில்லை. அதனால் பலரும் ஊசி போடாமலே போய்விடுகிறார்கள். சிக்கல் திரும்பி வரும்போது. டிரினிடாட் மஞ்சள் காய்ச்சல் பகுதியாக இந்திய அரசின் பட்டியலில் இருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் அங்கிருந்து வந்து இறங்கினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். அவசரத்துக்கு, ஒரு சாவுக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்கு ஓடி வருகிற நேரத்தில் இது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். எந்த நாளில் போடுகிறார்கள் என்று முன்பே விசாரித்து, பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போங்கள். போட்டு 10 நாள் கழித்துத்தான் அந்த மஞ்சள் அட்டை செல்லுபடியாகும். அப்புறம் ஆயுள் முழுக்கச் செல்லும், மறுபடி போடத் தேவையில்லை. இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசி. 60 வயதைத் தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது.

இது திரும்பி வருவதற்கான காகிதம் மட்டும் என்றும் நினைத்துவிடாதீர்கள். டிரினிடாட் காடுகளில் ஊளையிடும் குரங்குகள் உண்டு. அவை செத்து விழ ஆரம்பித்தால் காட்டுக்குள் மஞ்சள் காய்ச்சல் வந்துவிட்டது என்று அங்கே சுகாதாரத் துறை உஷாராகும். 1978, 79இல் அப்படி ஒரு பரவல் இருந்தது. உள்ளூர்க் குழந்தைகளுக்கே வழக்கமான தடுப்பூசி அட்டவணையில் இந்த ஊசியும் உண்டு.

அடுத்து மருந்துகள். தினமும் சாப்பிடுகிற மாத்திரை இருந்தால் மூன்று மாதத்துக்காவது எடுத்துப் போங்கள். அட்டையோடு, பில்லோடு, டாக்டர் கையெழுத்திட்ட சீட்டோடு. சீட்டில் கம்பெனிப் பெயர் மட்டும் போதாது, மருந்தின் மூலப்பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். இங்கே நாம் பழகிய பிராண்டு அங்கே இருக்காது. ரத்த அழுத்தத்துக்கு "டெல்மா" என்று சொன்னால் மருந்துக்கடைக்காரர் விழிப்பார், "டெல்மிசார்ட்டன்" என்றால் எடுத்துத் தருவார்.

அங்கே மின்சாரம் 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். பிளக்கும் அமெரிக்க மாதிரி. எங்கள் மகனுக்கு வீசிங் உண்டு என்று சென்னையில் வாங்கின நெபுலைசரைப் பத்திரமாகச் சுற்றி எடுத்துப் போனோம். அங்கே சொருகினால் மோட்டார் முனகியதோடு சரி. முதல் வாரமே புதிது வாங்க வேண்டியதாயிற்று. பேட்டரியில் ஓடும் சர்க்கரைமானி, ரத்த அழுத்தமானி என்றால் பிரச்சினை இல்லை. ஆனால் சர்க்கரைமானிக்கான ஸ்ட்ரிப் அங்கே கிடைக்கிற மாடலா என்று பார்த்து வாங்குங்கள்.

பெட்டியில் இன்னொன்றும் பாருங்கள். ராணுவ உடை போலப் புள்ளி போட்ட துணி எதுவும் இருக்கக் கூடாது, குழந்தையின் டிரவுசராக இருந்தாலும். அந்த நாட்டில் அது சட்டப்படி குற்றம். மருத்துவத்துக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் யாரும் சொல்லித் தருவதில்லை.

எந்தக் கதவைத் தட்டுவது

அங்கே அரசு மருத்துவத்தை ஐந்து மண்டல சுகாதார ஆணையங்கள் நடத்துகின்றன. 1994இல் வந்த சட்டப்படி அமைந்தவை: வடமேற்கு, வடமத்திய, தென்மேற்கு, கிழக்கு, டொபாகோ. நீங்கள் குடியிருக்கும் வீடு எந்த மண்டலத்தில் வருகிறதோ அதுதான் உங்களுக்கு எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இருந்தால் பொது மருத்துவமனை அங்கேயே இருக்கிறது. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தருவது செயின்ட் ஜேம்ஸில். செயின்ட் அகஸ்டின், துனாபுனா பக்கம் என்றால் மவுண்ட் ஹோப். எரிக் வில்லியம்ஸ் மருத்துவ வளாகம் என்பது முழுப்பெயர், நாட்டின் முதல் பிரதமர் பெயர் அது. பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனி மருத்துவமனை, பிரசவத்துக்குத் தனி மருத்துவமனை, மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி எல்லாம் அதே இடத்தில். தெற்கே சான் பெர்னாண்டோவில் பெரிய பொது மருத்துவமனையும் அதையொட்டி போதனா மருத்துவமனையும் இருக்கின்றன. அரிமா, பாயின்ட் போர்ட்டின், சாங்ரே கிராண்டே ஆகிய ஊர்களிலும் மருத்துவமனைகள் உண்டு.

ஆனால் காய்ச்சல், இருமல், சர்க்கரை என்று இந்தக் கதவுகளைத் தட்டக் கூடாது. நாம் ஊரில் எதற்கெடுத்தாலும் ஜி.ஹெச். போகிற பழக்கம் அங்கே உதவாது. அவசரப் பிரிவில் வந்தவரைப் பார்த்ததும் ஒரு நர்ஸ் நிலைமையை எடை போட்டு வரிசைப்படுத்துவார். சாதாரணக் காய்ச்சலோடு போனால் நெஞ்சுவலிக்காரர், விபத்தில் அடிபட்டவர் எல்லோரும் போன பிறகுதான் உங்கள் முறை. ஆறேழு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம். அது நியாயமான ஏற்பாடுதான், நமக்குத் தெரியாமல் போனதுதான் தப்பு.

முதலில் தட்ட வேண்டியது ஹெல்த் சென்டர். நம் ஆரம்ப சுகாதார நிலையம் மாதிரி, நாடு முழுக்க சுமார் நூறு இருக்கின்றன. பெரும்பாலும் வார நாட்களில் காலை எட்டிலிருந்து மாலை நான்கு வரை. சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு ஒரு நாள், கர்ப்பிணிகளுக்கு ஒரு நாள், குழந்தைகளுக்கு ஒரு நாள் என்று பிரித்து வைத்திருப்பார்கள். இரவு, ஞாயிறு என்றால் மாவட்ட சுகாதார நிலையங்கள். கூவா, ஷகுவானஸ், சிபாரியா, பிரின்சஸ் டவுன் போன்ற ஊர்களில் இருக்கின்றன. ஆஸ்பத்திரிக்கும் ஹெல்த் சென்டருக்கும் நடுவில் உள்ள படி அது.

காசு விஷயம். அரசு இடங்களில் குடிமக்களுக்கு எல்லாம் இலவசம். வெளிநாட்டவருக்கும் அவசர சிகிச்சை மறுக்கப்படுவதில்லை. அதற்கு மேலே தொடர் சிகிச்சை, திட்டமிட்ட அறுவை சிகிச்சை எல்லாம் அந்த நாட்டில் தங்க உங்களுக்குத் தந்த அனுமதியின் வகையைப் பொறுத்தது. போன முதல் மாதமே, உடம்பு நன்றாக இருக்கும்போதே, ஹெல்த் சென்டரில் வேலை அனுமதிக் கடிதத்தைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சம்பளச் சீட்டில் ஹெல்த் சர்சார்ஜ் என்று ஒரு பிடித்தம் வரும். மாதச் சம்பளம் 469.99 உள்ளூர் டாலருக்கு மேல் என்றால் வாரத்துக்கு 8.25 டாலர். ஒரு டாலர் நம் காசில் 12, 13 ரூபாய். இதைக் காப்பீடு என்று நினைத்துக்கொள்கிறவர்கள் நிறைய. அது காப்பீடு கிடையாது, வரி. அதைக் காட்டித் தனியார் ஆஸ்பத்திரியில் எதுவும் வாங்க முடியாது. தேசியக் காப்பீடு என்று இன்னொரு பிடித்தம் இருக்கும். அது நோய்க்கால உதவித்தொகை, பேறுகால உதவித்தொகை, ஓய்வூதியம் போன்றவற்றுக்கானது, ஆஸ்பத்திரி பில்லைக் கட்டாது.

ஆகவே வேலை தருகிறவர் குழுக் காப்பீடு தருகிறாரா என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள். குடும்பமும் சேர்த்தியா, ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு உண்டா, எவ்வளவு நாள் கழித்து ஆரம்பம், இந்த மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். தனியார் டாக்டரைப் பார்க்கச் சில நூறு டாலர் ஆகும். பெரும்பாலும் கையிலிருந்து கட்டிவிட்டு, ரசீதையும் டாக்டர் நிரப்பிய படிவத்தையும் கொடுத்துப் பிறகு வாங்கிக்கொள்ள வேண்டும். தனியார் ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது முன்பணம் கேட்பார்கள், அதுவும் பெரிய தொகையாக. கடன் அட்டையில் இடம் வைத்திருங்கள். அமெரிக்க டாலர் அந்த ஊர் வங்கிகளில் நினைத்தபோது கிடைக்காது. சிகிச்சைக்கு இந்தியா வந்துவிடலாம் என்று திட்டமிடுகிறவர்கள் விமான டிக்கெட்டுக்கான பணத்தை வெளிநாட்டுக் கணக்கிலேயே விட்டுவைப்பது நல்லது.

முதல் வாரம்

வீடு கிடைத்ததும் பக்கத்து ஹெல்த் சென்டரை நடந்துபோய்ப் பாருங்கள். பாஸ்போர்ட் நகல், வேலை அனுமதி, முகவரிக்கு மின்சார பில்லோ வாடகை ஒப்பந்தமோ, குழந்தைகளின் தடுப்பூசி அட்டை, எல்லாம் கையில் இருக்கட்டும். குழந்தைகளின் அட்டை இல்லாமல் பள்ளியில் சேர்க்க மாட்டார்கள். நம் ஊர் அட்டையைக் காட்டினால் நர்ஸ் பார்த்து எது விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லி, அங்கேயே போட்டு, அவர்கள் அட்டையில் எழுதித் தருவார்.

உள்ளே நுழைந்ததும் யாரையும் பார்க்காமல் நேராக கவுண்டருக்குப் போய் நிற்காதீர்கள். காத்திருக்கும் எல்லோருக்கும் பொதுவாக "குட் மார்னிங்" சொல்ல வேண்டும். மொத்த அறையும் பதில் சொல்லும். சொல்லாவிட்டால் வளர்ப்பு சரியில்லை என்று நினைப்பார்கள், முகத்திலும் காட்டுவார்கள். மாலை நேரத்தில் போனால் "குட் நைட்", அங்கே அது வரவேற்கும் வார்த்தை. முதல் வாரங்களில் கவுண்டர் அம்மா என்னிடம் ஏன் சிடுசிடுத்தார் என்பது பக்கத்து வீட்டு ஆன்ட்டி இதைச் சொல்லித் தந்த பிறகுதான் புரிந்தது. மறுநாள் அறைக்குள் நுழைந்து உரக்க "குட் மார்னிங்" சொன்னேன். அதே அம்மா சிரித்தார்.

உடையும் முக்கியம். கையில்லாத ரவிக்கை, அரை டிரவுசர், ரப்பர் செருப்பு இவற்றோடு போனால் அரசு இடங்களில் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். டாக்டர் "ஜஸ்ட் நவ்" வருவார் என்றால் இப்போதே என்று பொருள் இல்லை, எப்போதாவது வருவார் என்று பொருள். தண்ணீரும் கொஞ்சம் தின்பண்டமும் எடுத்துப் போங்கள்.

போக்குவரத்துக்கு மாக்சி டாக்ஸி என்ற வெள்ளை வேன்கள். பக்கவாட்டில் ஓடும் பட்டையின் நிறம்தான் வழித்தடம். தலைநகரின் உள்ளும் மேற்கும் மஞ்சள், கிழக்கே அரிமா வரை சிவப்பு, ஷகுவானஸ், சான் பெர்னாண்டோ வழி பச்சை. மவுண்ட் ஹோப் போகத் தலைநகரின் சிட்டி கேட் என்ற வண்டி நிலையத்தில் சிவப்புப் பட்டை ஏற வேண்டும். நோயாளியோடு போகும்போது நிறம் பார்த்துத் தேடிக்கொண்டிருக்க முடியாது. நல்ல நாளில் ஒருமுறை போய் வந்துவிடுங்கள்.

எல்லாக் காகிதத்துக்கும் நகல் வைத்துக்கொள்ளுங்கள். என் ரத்தப் பரிசோதனை முடிவு ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகும் வழியில் தொலைந்து, இரண்டாவது முறை ரத்தம் கொடுத்தேன். அதற்கப்புறம் எது கைக்கு வந்தாலும் போனில் படம் பிடித்துவிட்டுத்தான் மறு வேலை.

811

ஆம்புலன்ஸ் எண் 811. போலீஸ் 999, தீயணைப்பு 990. இதை ஃபிரிட்ஜில் ஒட்டி வையுங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். ஆம்புலன்ஸுக்குக் காசில்லை. கூப்பிடும்போது தெருப்பெயர் மட்டும் சொன்னால் போதாது. டிரினிடாட்டில் பல சந்துகளுக்கு ஒரே பெயர், வீட்டு எண்களும் வரிசையில் இருக்காது. "மெயின் ரோட்டில் பெரிய மாமரம் தாண்டி, மசூதிக்கு எதிரே, நீல கேட்" என்று அடையாளத்தோடு சொல்லுங்கள். ஒருவர் வாசலில் போய் நிற்கட்டும்.

இரவில் கூட்டிப் போனவர் அட்மிட் ஆனால், நம் ஊர் போலக் கூடவே பாய் விரித்துப் படுக்க முடியாது. பார்வை நேரம் முடிந்தால் வெளியே போகச் சொல்வார்கள். சோப்பு, துண்டு, மாற்றுடை, செருப்பு நாம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சைவம் என்றால் சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள். அங்கேயும் சைவ இந்துக்கள் நிறைய, யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை.

சுகர், பிரஷர், கேஸ்

எனக்கு இந்தக் கட்டுரையில் மிக முக்கியமாகப் படுவது இதுதான். கரீபியன் என்றதும் எல்லோரும் கொசுவையும் புயலையும் கேட்கிறார்கள். ஆனால் டிரினிடாட்டில் அதிகம் பேரைக் கொல்வது இதயநோயும் சர்க்கரையும். அதிலும் நம் உடம்பு கூடுதலாக மாட்டிக்கொள்ளும் உடம்பு.

போர்ட் ஆஃப் ஸ்பெயினை ஒட்டிய செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் மெட்ராஸ் தெரு, கல்கத்தா தெரு என்றெல்லாம் தெருக்கள் இருக்கின்றன. அந்தப் பகுதி மக்களை 1970களின் பிற்பகுதியிலிருந்து பல ஆண்டுகள் பின்தொடர்ந்து ஒரு ஆய்வு நடந்தது. 1986இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியானது. ஒரே ஊர், ஒரே தண்ணீர், ஒரே காற்று. இருந்தும் மற்றவர்களைவிட இந்திய வம்சாவளியினரிடம் இதயநோய் மரணம் அதிகமாக இருந்தது. புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை என்று வழக்கமான காரணங்களை எல்லாம் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்த வித்தியாசம் மறையவில்லை. உலகம் முழுக்க நம் மக்களின் இதயத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அதைக் குறிப்பிடுகிறார்கள். அந்தத் தெருப் பலகையைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.

அந்த ஊர்க்காரர்கள் இந்த நோய்களைச் சொல்லும் விதமும் நம்மைப் போலவே. "எனக்கு சுகர்", "அவருக்கு பிரஷர்", நெஞ்சில் அடைத்தால் "கேஸ்". ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு என் கணவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு "கேஸ்தான், காலையில் சாப்பிட்ட டபுள்ஸ்" என்றார். டபுள்ஸ் என்பது எண்ணெயில் பொரித்த இரண்டு மெத்து ரொட்டி நடுவே கொண்டைக்கடலைக் குழம்பு, தெருவோரக் காலை உணவு. நானும் ஓமத்தண்ணீர் கொதிக்க வைத்தேன். சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டு ஆன்ட்டி அடுப்பை அணைத்துவிட்டு, "என் தம்பியும் கேஸ் என்றுதான் சொன்னான்" என்றார். அவரே 811ஐ அழைத்தார். கணவருக்கு ரத்தக்குழாயில் அடைப்பு ஆரம்பித்திருந்தது. மாத்திரையோடு பிழைத்தார். அந்தத் தம்பி பிழைக்கவில்லை.

அதனால் இதைச் செய்யுங்கள். முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர் யாராக இருந்தாலும் கிளம்பும் முன்பே சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம், ஒரு ஈ.சி.ஜி. எடுத்து, அந்த ஈ.சி.ஜி. தாளின் படத்தைப் போனில் வைத்திருங்கள். புது ஈ.சி.ஜி.யைப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்க டாக்டருக்கு அது பெரிய உதவி. அங்கே போன பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். நெஞ்சு அடைத்து, வேர்த்து, இடது கையோ தாடையோ வலித்தால் ஓமம் தேட வேண்டாம்.

குடிமக்களுக்கு 2003 முதல் சி-டாப் என்று ஒரு திட்டம் உண்டு. சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயநோய், ஆஸ்துமா, தைராய்டு, கிளாக்கோமா, வலிப்பு போன்ற நெடுநாள் நோய்களுக்கு டாக்டர் சீட்டோடு தனியார் மருந்துக்கடைக்குப் போனாலே மருந்து இலவசம். அங்கே குடியுரிமை பெற்ற உறவினர்கள் யாராவது இருந்தால் பயன்படுத்துகிறார்களா என்று கேளுங்கள். வேலை அனுமதியில் வந்தவர்கள் மருந்துக்குப் பணம் ஒதுக்கித்தான் ஆக வேண்டும்.

சாப்பாட்டில் கவனம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ரொட்டி, பொரித்த கோழி, இனிப்பு பானம் எங்கும் கிடைக்கும், மலிவு. ஆனால் சந்தைக்குப் போனால் நம் பாகற்காய் கரைலி என்ற பெயரில், முருங்கைக்காய் சைஜன் என்ற பெயரில், சேப்பங்கீரை, பூசணி எல்லாம் கிடைக்கும். ஊர்ச் சமையலை விட்டுவிடாதீர்கள்.

பக்கத்து வீட்டு வைத்தியமும் வந்து சேரும். உடம்பில் "சூடு" ஏறிவிட்டது என்று சொல்லி, "கூலிங்" என்று மூலிகைத் தண்ணீர் தருவார்கள். குழந்தை விடாமல் அழுதால் "மல்ஜோ", அதாவது கண்ணேறு, என்று பண்டிதரைக் கூப்பிட்டு தென்னை ஈர்க்குமாறால் தடவி மந்திரிப்பார்கள். "ஜாரே" என்று அதற்குப் பெயர். நம் பாட்டி வேப்பிலை அடித்தது போலத்தான். அன்பாகச் செய்கிறார்கள், ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் கசப்பான மூலிகைக் கஷாயங்களை சுகர் மாத்திரையோடு சேர்த்துக் குடிக்காதீர்கள், சர்க்கரை சட்டென்று தாழ்ந்துவிடும்.

கொசு, தேள், புழுதி

ஜூனிலிருந்து டிசம்பர் வரை மழைக்காலம். டெங்கு அப்போதுதான். 2014இல் சிக்குன்குனியாவும் 2016இல் ஜிகாவும் வந்தன. தண்ணீர் முறை வைத்து வருவதால் ஒவ்வொரு வீட்டிலும் கறுப்புத் தொட்டி இருக்கும். அதன் மூடியை வாரம் ஒருமுறை பாருங்கள். காய்ச்சல் என்றால் பாராசிட்டமால் மட்டும், டெங்கு இல்லை என்று தெரியும்வரை புரூஃபென், ஆஸ்பிரின் வேண்டாம். காரோனி சமவெளியில் வெள்ளம் வந்தால் வெறுங்காலோடு தண்ணீரில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் வரும்.

டிரினிடாட்டுக்கே உரிய ஒரு தேள் இருக்கிறது. அதன் விஷம் கணையத்தை வீங்கச் செய்யும். கொட்டிய இடத்தில் வலி குறைந்தாலும் வயிறு வலித்து வாந்தி வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். தோட்டத்துச் செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள். வௌவால் கடித்தாலோ பிராண்டினாலோ நாய்க்கடி போலவே கருதி அன்றே போங்கள். ரத்தம் குடிக்கும் வௌவால் மூலம் மனிதருக்கு வெறிநோய் வருகிறது என்பதை 1930களின் தொடக்கத்தில் கண்டுபிடித்ததே இந்தத் தீவில்தான், ஜோசப் லெனாக்ஸ் பவான் என்ற உள்ளூர் மருத்துவர்.

ஆண்டின் முதல் பாதியில் சில நாட்கள் மலை தெரியாமல் வானம் மங்கிக் கிடக்கும். பனிமூட்டம் என்று நினைப்போம், அது சஹாராவின் புழுதி, அட்லாண்டிக்கைத் தாண்டி வருவது. வீசிங் உள்ள குழந்தைகளுக்கு அப்போது இன்ஹேலர் பையிலேயே இருக்க வேண்டும். கார்னிவல் என்ற ஆண்டுத் திருவிழாவின் திங்கள், செவ்வாயில் நாடே தெருவில் இருக்கும், பல கடைகள் மூடியிருக்கும். மாத்திரையை முந்தின வாரமே வாங்கிவிடுங்கள்.

பிரசவம்

கர்ப்பம் உறுதியானதும் ஹெல்த் சென்டரில் பதிந்து அட்டை வாங்குங்கள், தனியாரில் பார்த்தாலும் சரி. சிக்கல் வந்தால் மவுண்ட் ஹோப் பெண்கள் மருத்துவமனைக்கு அந்த அட்டையோடு போவது எளிது. தனியார் காப்பீட்டில் பிரசவத்துக்குக் காத்திருப்புக் காலம் இருக்கும், அதைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து அம்மாவை வரவழைக்கிறவர்கள் கவனிக்க: அமெரிக்கா வழியாக வந்தால் விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா வேண்டும்.

டொபாகோவில் இருந்தால்

பெரிய மருத்துவமனை ஒன்றுதான், ஸ்கார்பரோவில். 2012இல் திறந்தது, நன்றாக இருக்கிறது. இதய அறுவை போன்ற பெரிய சிகிச்சைக்கு டிரினிடாட்டுக்குத்தான் வர வேண்டும். விமானத்தில் அரைமணி நேரம்கூட ஆகாது, ஆனால் பண்டிகை நாட்களில் இடம் கிடைக்காது. நெடுநாள் நோயுள்ளவர்கள் வீடு பார்க்கும்போதே ஸ்கார்பரோவுக்கு அருகில் பாருங்கள். கடற்கரையில் சிறு பச்சை ஆப்பிள் போலக் காய்க்கும் மரம் ஒன்று உண்டு, மஞ்சினீல். பழம் விஷம், பாலும் விஷம். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினால்கூடச் சொட்டுகிற நீர் தோலில் கொப்புளம் போட்டுவிடும். குழந்தைகளிடம் முதல் நாளே மரத்தைக் காட்டிச் சொல்லிவிடுங்கள்.

திரும்பும்போது

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே ஆஸ்பத்திரிப் பதிவுகளின் நகலை எழுத்தில் கேளுங்கள், தருவதற்கு நாள் எடுக்கும். ஸ்கேன் படங்களை டிஸ்கில் வாங்குங்கள், அறிக்கை மட்டும் போதாது. குழந்தைகளின் அட்டையில் கடைசியாகப் போட்ட ஊசி வரை எழுதி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு, அதற்கும் தனியாக சர்வதேச மஞ்சள் அட்டை வாங்கினீர்களா என்று சரிபாருங்கள். சாதாரணத் தடுப்பூசி அட்டையில் எழுதியிருப்பது சென்னை விமான நிலையத்தில் செல்லாது.

அந்த மஞ்சள் அட்டைகளைப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். பாஸ்போர்ட்டோடு கைப்பையில் இருக்கட்டும். சென்னையில் இறங்கினதும் குடியேற்ற வரிசைக்கு முன்னாலேயே சுகாதார மேசையில் கேட்பார்கள், பெட்டி வருவது அதற்கப்புறம்தான்.